ஐந்தாவது பல்

வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பிகளைப் பார்த்தாள். நேராக இருந்தன. கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினாள். நடுக்கம்பி, யாரோ நெருப்பில் காட்டி வளைத்ததைப் போல இடுப்பொடிந்து நின்றது. போன வாரம் லேசாக நெளிந்திருந்த கம்பிதான். இன்று நன்றாகவே வளைந்துவிட்டது. வளைவின் நடுவே, புகை படிந்த மாதிரி ஒரு சாம்பல் பொட்டு. இடது கண்ணை நம்புவதற்கில்லை. சிறு வயதிலிருந்தே அது மந்தம். கம்பி நேராகத் தெரியுமே தவிர, கம்பியில் உட்கார்ந்திருக்கும் ஈ தெரியாது. இத்தனை காலம் அவளுக்குச் சோறு போட்டது வலது கண்தான். வெளியே செருப்புச் சத்தம் கேட்டதும் கையைச் சட்டென்று இறக்கி, கூந்தலை ஒதுக்குவதுபோல் பாவனை செய்தாள். கடவுளே, யாரும் பார்த்திருக்கக் கூடாது.

அந்தப் பயிர்ப் பாதுகாப்பு ஆய்வகத்தில் அவளை எல்லோரும் நத்தையம்மா என்றே கூப்பிட்டார்கள். துறைமுகத்தில் வந்திறங்கும் செடிகளிலும், நாற்றுப்பண்ணைகளின் மண்ணிலும் அகப்படும் நத்தைகள் எல்லாம் சிறு குப்பிகளில் அவள் மேசைக்கு வரும். இது இன்ன வகை, இது சாது, இது நாசக்காரி என்று அவள் பிரித்துச் சொல்லவேண்டும். அவள் சொல்வதை வைத்துக்கொண்டுதான் கப்பலைத் திறப்பதா, திருப்பி அனுப்புவதா என்று மேலே முடிவு செய்வார்கள். எள்ளைவிடக் கொஞ்சம்தான் பெரிய உயிர்; அதன் ஓட்டில் எத்தனை சுற்று, உதடு மடிந்திருக்கிறதா இல்லையா, வாயின் உள்ளே எத்தனை பல் என்று எண்ணுவதிலேயே அவள் தலை நரைத்துவிட்டது. பல் என்றால் கடிக்கும் பல் அல்ல. ஓட்டின் வாய்க்குள் முளைத்திருக்கும் வெள்ளை முடிச்சுகள். எறும்பு உள்ளே நுழைந்து நத்தையைத் தின்றுவிடாதபடி கடவுள் வைத்த கதவுக் கம்பிகள் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லுவாள்.

நேற்று வந்த குப்பியில் ஐந்து நத்தைகள் இருந்தன. நகருக்கு வெளியே ஒரு நாற்றுப்பண்ணையில், தொட்டிகளுக்கு அடியில் பொறுக்கியவை. அதில் நான்கு குஞ்சுகள். குஞ்சுகளுக்குப் பல் முளைத்திருக்காது, அவற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வளர்ந்தது ஒன்றே ஒன்றுதான். அதன் வாய்க்குள் நான்கு பல் இருந்தால் அது நாலுபல்லன். அழுகிய இலையைத் தின்று பிழைத்துப் போகிற சாது. ஐந்து இருந்தால் ஐந்துபல்லன். முளைவிட்ட நாற்றின் குருத்தை ராத்திரியோடு ராத்திரியாகக் கறம்பித் தின்றுவிடும். ஒரு பண்ணையில் புகுந்தால் அங்கே வாங்கிப்போன செடிகளோடு சேர்ந்து ஊர் ஊராகப் பரவிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே, வலது ஓரத்தில், அந்த ஐந்தாவது பல் இருக்கிறதா என்பதுதான் எல்லாம்.

இருக்கிறது என்று அவள் நேற்றே சொல்லிவிட்டாள். பண்ணையைப் பூட்டிவிட்டார்கள். இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மருந்து வண்டி போகும். செடிகளைப் பிடுங்கிக் குவித்து எரிப்பார்கள். மண்ணின்மேல் சுண்ணாம்பும் விஷமும் கொட்டுவார்கள். பிறகு அந்த நிலத்தில் வெகுகாலத்துக்குப் பச்சை எதுவும் வைக்கக் கூடாது.

சற்று முன்பு தாழ்வாரத்தில் நடந்து வந்தபோது பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். விரல் நகங்களுக்குள் மண் அப்பியிருந்தது. கைகளை மடியில் மல்லாத்தி வைத்திருந்த விதம், அவை இரண்டும் திடீரென்று வேலை இழந்தவை போலிருந்தது. நத்தையம்மா கடந்து போகையில் எழுந்து நின்றாள்.

"அம்மா, நீங்கதான் நத்தை பாக்குறவங்களா?"

"ஆமா. நீங்க?"

"அந்தப் பண்ணை எங்களோடதுங்க. நானும் எங்கக்காவும்தான் பாத்துக்குறோம். அதிகாரியைப் பாக்க வந்தேன். கண்ணாடிக் கூரைக்குக் கீழ இருக்குற நாத்தையாவது விட்டுவைக்க முடியுமான்னு கேக்கலாம்னு. முடியாதுன்னுட்டாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்கக்கா நேத்துலேருந்து சாப்பிடலை. செடிக்குத் தண்ணி ஊத்தவா வேணாமான்னு என்னையே கேட்டுக்கிட்டிருக்கா. எரிக்கப்போற செடிக்குத் தண்ணி எதுக்குக்கான்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

அந்தப் பெண் நிமிர்ந்து நத்தையம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாப் பாத்தீங்களாம்மா?"

குற்றம் சாட்டுகிற குரலில் அவள் அதைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரிடம் கேட்பார்களே, அப்படி, நல்ல பதில் வரும் என்கிற நம்பிக்கைகூட இல்லாமல் கேட்டாள். "பாத்தேம்மா" என்று சொல்லிவிட்டு, நத்தையம்மா நடையை எட்டிப்போட்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் ஜன்னல் கம்பிகளைப் பார்த்தது.

இப்போது லென்சின் கீழே அந்த ஒற்றை நத்தையை மறுபடி வைத்தாள். விளக்கைச் சாய்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வலது ஓரத்தில் ஏதோ ஒன்று. பார்வையை அங்கே கொண்டுபோனதும் சாம்பல் பொட்டு வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. கண்ணைச் சற்றே விலக்கினால் வெள்ளையாக எதுவோ மினுங்கியது. நேராகப் பார்த்தால் மறைந்தது. மறுபடி எண்ணினாள். நான்கு. மறுபடி. ஐந்து. மறுபடி எண்ணியபோது பல் வரிசையே ஜன்னல் கம்பி மாதிரி வளைந்து, மூன்றா நான்கா என்றுகூடத் தெரியவில்லை. நேற்று எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னோம் என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்கப் பயம் கூடியது. வலது ஓரம் என்பது ஓட்டின் வாயில் மண் ஒட்டுகிற இடம். பல்லை எண்ணுவதற்கு முன் அந்த இடத்தை ஒரு துளித் தண்ணீர்விட்டு, ஒற்றை மயிர்த் தூரிகையால் வருடிக் கழுவ வேண்டும். புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் அவள் சொல்லித்தருகிற முதல் பாடமே அதுதான். மண் துகளைப் பல்லென்று எண்ணிவிடுவது கத்துக்குட்டிகள் செய்கிற தப்பு. நேற்று அவள் கழுவவில்லை. ஏன் கழுவவில்லை என்று அவளுக்குத் தெரியும். கழுவத் தூரிகையைக் கொண்டுபோனபோது அதன் முனை அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. சோப்புக் குமிழிபோல மெலிந்த ஓடு. தெரியாத முனையால் குத்தினால் உடைந்துவிடும். இருப்பது ஒன்று. அதனால் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எண்ணிவிட்டாள்.

சும்மா இருந்துவிடலாம். அந்த நினைப்பு பூனை மாதிரி ஓசையில்லாமல் வந்து மடியில் உட்கார்ந்தது. நாசக்காரியைச் சாது என்று சொன்னால்தான் வேலை போகும். சாதுவை நாசக்காரி என்று சொன்னவளை யாரும் கேட்கப் போவதில்லை. எரித்த பிறகு எண்ணிப் பார்க்க என்ன இருக்கும்? முன்ஜாக்கிரதையான பெண்மணி என்றுகூடச் சொல்லுவார்கள். வாயைத் திறந்தால் கண் விஷயம் வெளியே வரும். கண் விஷயம் வெளியே வந்தால் இந்த மேசை போகும். மேசை போனால் அவள் யார்? வீட்டுக்காரரிடம்கூட அவள் சொல்லவில்லை. சொன்னால் அவர் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவார். டாக்டர் ஒரு பெயர் சொல்லுவார். எத்தனையோ உயிர்களுக்குப் பெயர் சொன்னவளுக்கு, தன் கண்ணில் குடிவந்திருப்பதன் பெயரைக் கேட்கத் தைரியமில்லை.

கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் எல்லாம் ஒன்றுதான். மூடிய கண்ணுக்குள் பொட்டு இல்லை. ஆனால் அங்கே அந்தப் பெண்ணின் அக்கா, பார்த்தேயிராத ஒருத்தி, கையில் வாளியோடு நின்று, ஊத்தவா வேணாமா என்று கேட்டாள். நத்தையம்மா தினமும் காலையில் விளக்கின் முன் நின்று, என் கையால் யாருக்கும் கெடுதல் வராமல் பார்த்துக்கொள் என்று வேண்டுகிறவள். இன்று காலையும் வேண்டினாள். வேண்டிய கையால்தான் இது நடக்கிறது.

"என்ன நத்தையம்மா, கதவைச் சாத்திக்கிட்டுத் தூக்கமா? உங்க ஆளு அசைஞ்சாத்தானே உங்களுக்கு வேலை!"

வண்டுக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அதே அறையில் எதிர்மேசைக்காரர். வண்டுகளை வகை பிரிப்பவர். அவர் காதில் விழுந்த சங்கதி, சொன்னவர் காண்டீன் போய்ச் சேருவதற்குள் காண்டீனைத் தாண்டிப் போயிருக்கும். யாருக்குக் கல்யாணம் நின்றது, யார் மேலதிகாரியிடம் திட்டு வாங்கியது எல்லாம் அவர் வாயில் ஊர்வலம் போகும். அறைக்கு வந்ததும் பலகையில் ஒட்டியிருக்கிற அறிவிப்புகளையும், மேசைக்கு வந்த சுற்றறிக்கைகளையும் உரக்கப் படித்துக் கிண்டலடிப்பது அவர் வழக்கம். சில மாதங்களாக அது அதிகமாகிவிட்டது. குப்பிகளில் ஒட்டியிருக்கிற சீட்டைக்கூட எடுத்து ராகம் போட்டுப் படிப்பார். நத்தையம்மாவுக்கு எரிச்சலாக வரும். இந்த உலகத்தில் அவள் கண் விஷயம் தெரியக்கூடாதவர் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான்.

அவரைத் தவிர அந்தக் கட்டடத்தில் லென்சில் பார்த்துப் பழகிய கண் வேறு இல்லை. லென்சில் பொருத்துகிற கேமரா போன வருஷமே செத்துப்போய் ரிப்பேருக்குப் போயிருந்தது. வேறு நத்தை நிபுணரிடம் அனுப்பினால் பதில் வருவதற்குள் பண்ணை சாம்பலாகிவிடும்.

அவள் எழுந்தாள்.

"ஒரு உதவி வேணும்."

"சொல்லுங்க. கடன் மட்டும் கேக்காதீங்க."

"இதுல எத்தனை பல்லுன்னு பாத்துச் சொல்லுங்க."

"நானா? நத்தைக்கு நான் பல் டாக்டரா?" என்று சிரிக்க ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"எனக்குக் கண்ணு தெரியலை." சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அந்த வார்த்தைகள் அறையில் தொங்கிக்கொண்டிருப்பது போலவும், இனி யார் வந்தாலும் அவற்றின்மேல் இடித்துக்கொள்வார்கள் போலவும் இருந்தது. "வலது கண்ணுல நடுவுல மறைக்குது. கோடெல்லாம் வளையுது. நேத்து இதைச் சரியாப் பாக்காமயே அஞ்சுன்னு சொல்லிட்டேன். நீங்க ஊர் பூரா சொன்னாலும் பரவாயில்லை. இப்பப் பாத்துச் சொல்லுங்க."

வண்டுக்காரர் தன் நாற்காலியை இழுத்து அவள் மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"ஊர் பூரா சொல்றதா இருந்தா எப்பவோ சொல்லியிருப்பேனேம்மா."

அவளுக்குப் புரியவில்லை.

"பலகையில ஒட்டுன நோட்டீஸை மூக்கால உரசிப் படிச்சுக்கிட்டிருந்தீங்க ஒருநாள். நான் உள்ள வந்ததும், எழுத்துப் பிழை பாக்குறேன்னீங்க. எழுத்துப் பிழை பாக்குற மூஞ்சியா அது? அன்னைலேருந்துதான் எல்லாத்தையும் சத்தமாப் படிக்க ஆரம்பிச்சேன்." லென்சின் உயரத்தைச் சரிசெய்வதில் மும்முரமாக இருப்பவர்போல் முகத்தைக் குனிந்துகொண்டார். "எனக்கென்ன வேண்டுதலா, குப்பிச் சீட்டை ராகம் போட்டுப் படிக்க? தொண்டை கட்டிப்போச்சு."

நத்தையம்மா உட்கார்ந்தாள். ஊருக்கெல்லாம் ஓட்டைவாய் என்று பெயரெடுத்தவர், இந்த ஒன்றை மட்டும் இத்தனை மாதமாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்திருக்கிறார். அவரை நினைத்து எரிச்சல்பட்ட காலைகளெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை ஆட்டி அடக்கினார்.

"நாலு தெரியுது. பளிச்சுன்னு வெள்ளையா." குரலில் கிண்டல் போய்விட்டிருந்தது. "வலது பக்கம் இன்னொண்ணு இருக்கு. ஆனா அது பல்லான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் வண்டு பாக்குறவன்."

"நிறம்?"

"வெளிச்சம் பட்டா வெள்ளை. இல்லன்னா பழுப்பு."

"அடிப்பக்கம் எப்படி இருக்கு? ஓட்டோட ஓடா எழும்பி நிக்குதா, இல்ல, மேல வச்ச மாதிரி இருக்கா?"

அவர் விளக்கை நகர்த்தினார். வெகு நேரம் பார்த்தார். "சொல்ல முடியலைம்மா. அடியில நிழல் விழுது. பொய் சொல்ல மாட்டேன். சொல்ல முடியலை."

அவள் பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நிற்க இப்போது பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்தார். கழுவிப் பார்க்க வேண்டும். கழுவும்போது ஓடு உடைந்தால், நாலா ஐந்தா என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு நேரமும் வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், முள் தெரியவில்லை. அவர் கேட்காமலே, "வண்டி கிளம்புற நேரந்தான்" என்றார். அவள் தொலைபேசியை எடுத்து, மறுபடி எண்ண வேண்டும் என்று அதிகாரியிடம் சொன்னாள்.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி. "நேத்து அடிச்சுச் சொன்னீங்க."

"நேத்து என் கண்ணை நம்பிச் சொன்னேன் சார். என் கண்ணு சரியில்லை."



"எவ்வளவு நாளா?"

"சில மாசமா சார்."

"அப்போ இதுக்கு முன்னாடி நீங்க சொன்னதெல்லாம்?"

"அதையும் திரும்பப் பாக்கணும் சார்."

"என்ன பேசுறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"தெரிஞ்சுதான் சார்." ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். "வண்டியை நிறுத்துங்க சார். அஞ்சாவே இருந்தாலும், எண்ணிட்டு எரிக்கலாம்."

"சாயந்திரம் வரைக்கும் நிறுத்திவைக்கச் சொல்றேன். எண்ணி முடிச்சதும் என் ரூமுக்கு வாங்க." வைத்துவிட்டார். அந்தக் கடைசி வாக்கியத்தில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

வண்டுக்காரர் தூரிகையை எடுத்துத் தண்ணீரில் நனைத்தார். வண்டு என்றால் தகரம் மாதிரி கெட்டி. இப்படி ஒரு மெல்லிசான பொருளை அவர் தொட்டதில்லை. "முதல்ல தூரிகை வேணாம்" என்றாள் அவள். "ஒரு சொட்டு மட்டும் விடுங்க. வாய் மேல இல்ல, பக்கத்துல கண்ணாடியில. தானா பரவிப் போய் நனைக்கட்டும். மண்ணா இருந்தா ஊறும்." அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையின் பழக்கமும் அவர் கண்ணின் தெளிவும் சேர்ந்து அந்த ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்தன.

கதவருகே நிழலாடியது. பெஞ்சில் இருந்த பெண். வண்டியை நிறுத்திவிட்டதாக அவள் அக்கா போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே வரலாமா என்று கேட்கத் தோன்றாமல் வாசலில் நின்றாள்.

"வாங்கம்மா" என்றாள் நத்தையம்மா. "நேத்து நான் நல்லாப் பாக்கலை. இப்பப் பாத்துக்கிட்டிருக்கோம். நல்லதா வரும்னு சொல்ல முடியாது."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு உள்ளே வந்து, மேசைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"தண்ணி வாய்க்குள்ள போகுது" என்றார் வண்டுக்காரர், கண்ணை எடுக்காமல். "பழுப்பா இருந்தது மேல நனைஞ்சிருச்சு. இருங்க... இருங்க..." அவர் முதுகு விறைத்தது. "அம்மா! இது அசையுது!"

"எது? துகளா?"

"துகள் இல்லம்மா. நத்தை! உயிரோட இருக்கு!"

நத்தையம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. காலி ஓடு என்று நினைத்திருந்தாள். காய்ச்சலில் சுருண்டு படுக்கிறவர்களைப் போல, ஈரமில்லாத குப்பிக்குள் அது ஓட்டின் ஆழத்தில் சுருங்கிக் கிடந்திருக்கிறது. உயிர் இருக்கிறதா இல்லையா என்பதைக்கூடப் பார்க்காமல் அதற்கு அவள் பெயர் வைத்திருக்கிறாள்.

"என்ன பண்ணுது? சொல்லுங்க. எதையும் விடாம சொல்லுங்க."

"கண்ணாடி மாதிரி உடம்பு. வெளிய வருது. மெதுவா... வாயையே அடைச்சுக்கிட்டு வருது. பல்லு எல்லாம் மறைஞ்சிருச்சு. அந்தத் துகளும் தெரியலை. கொம்பு நீட்டுது. ரெண்டு. இல்ல, கீழ சின்னதா இன்னும் ரெண்டு. ஐயோ, என்ன அழகு இது!"

"துகள் உடம்புல ஒட்டிக்கிட்டு வருதா பாருங்க."

"உடம்பெல்லாம் மண்ணுதாம்மா. எது அது, எது வேற மண்ணுன்னு எப்படிச் சொல்றது? அது திரும்ப உள்ள போனாத்தான் எண்ண முடியும்."

தொட்டால் போய்விடும். தூரிகையின் மயிரை அதன் கொம்பில் லேசாகக் காட்டினால் போதும். சுருக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும், கழுவிய வாய் தெரியும், எண்ணிவிடலாம். வண்டுக்காரர் தூரிகையை எடுத்துக்கொண்டார். பிறகு ஏனோ அதைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்து நகர்ந்து இடம்விட்டார். "நீங்களும் பாருங்கம்மா. உங்க பண்ணையாளுதானே."

அவள் தயங்கித் தயங்கிக் குனிந்தாள். எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் முதலில் இமை லென்சில் இடித்தது. பிறகு அசையாமல் நின்றாள். தன் பண்ணையை, அக்காவின் சாப்பாட்டை, வருகிற வருஷங்களையெல்லாம் வாய்க்குள் வைத்துக்கொண்டு நடக்கிற உயிரை அவள் வெகு நேரம் பார்த்தாள். நத்தையம்மா அவள் முகத்தின் பக்கம் திரும்பினாள். நேராகப் பார்த்தால் பொட்டு மறைத்தது. சற்றே விலகிப் பார்த்தபோது, உதடுகள் திறந்திருப்பது தெரிந்தது.

"இத்தனூண்டா?" என்றாள் அந்தப் பெண், நிமிராமல்.

"தொட்டா உள்ள போயிடும்" என்றார் வண்டுக்காரர். "போனா எண்ணிடலாம். தொடட்டுமா?"

தாழ்வாரத்தில் யாரோ நடந்து போனார்கள். அதிகாரியின் அறைக் கதவு திறந்து மூடியது.

"ஏதோ தேடுதுங்க" என்றாள் அந்தப் பெண். "கொஞ்சம் நடந்துட்டுப் போகட்டும். அதுவா உள்ள போகும்ல?"

"போகும்" என்றாள் நத்தையம்மா. "ஈரம் காஞ்சா போகும்."

மூவரும் காத்திருந்தார்கள். விளக்கின் வெளிச்சத்தில், வெறும் கண்ணுக்குப் புள்ளியாக, கண்ணாடியின்மேல் மயிரிழைபோல ஓர் ஈரக் கோட்டை விட்டுக்கொண்டு அது நகர்ந்தது. கண்ணாடியின் விளிம்புக்கு வந்து நின்றது. அதற்கப்பால் ஒன்றுமில்லை. அங்கே, ஒன்றுமில்லாத காற்றுக்குள், தன் இரண்டு கொம்புகளையும் முடிந்த மட்டும் நீட்டி, இப்படியும் அப்படியும் மெல்லத் துழாவிக்கொண்டிருந்தது.